இருட்டில் பச்சையாக ஒளிரும் காளான்... எப்படி சாத்தியம்? ஏன் ஒளிர்கிறது என்பதில்தான் சிக்கல்!

மழைக்காலம் வந்தாலே ஒளிரும் காளான் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். "எடிட் பண்ணதுதானே?" என்று கேட்பவர்கள் கவனத்துக்கு: காளான் ஒளிர்வது நிஜம். ஆனால் போட்டோவில் தெரியும் அளவு வெளிச்சம் நேரில் இருக்காது. கேமரா ஷட்டரை நிறைய நேரம் திறந்து வைத்து எடுக்கும் படங்கள் அவை. நேரில் பார்க்க, டார்ச்சை அணைத்துவிட்டு கண் இருட்டுக்குப் பழகும் வரை காத்திருக்கணும்.

உலகில் 100-க்கும் மேற்பட்ட காளான் இனங்கள் இப்படி ஒளிர்கின்றன. மேகாலயாவில் செத்த மூங்கிலில் வளரும் ஒரு வகை, 2020-ல் புதிய இனமாக அறிவிக்கப்பட்டது. பெயர் ரோரிடோமைசஸ் ஃபில்லோஸ்டாகிடிஸ் (வாயில் நுழையலைன்னா விடுங்க). இதில் குடை ஒளிராது, தண்டு மட்டும்தான். விஞ்ஞானிகளுக்குத்தான் இது புதுசு. உள்ளூர் மக்களோ, காளான் முளைத்த மூங்கில் குச்சியை டார்ச் மாதிரி கையில் பிடித்து இரவில் நடந்தவர்கள்.

வெளிச்சம் எங்கிருந்து வருது?

செடிகளில் சாதாரணமாக இருக்கும் காஃபியிக் அமிலம் காளானிலும் இருக்கு. காளான் அதை ஹிஸ்பிடின் என்ற பொருளாகவும், பிறகு லூசிஃபெரினாகவும் மாற்றுகிறது. அது ஆக்ஸிஜனோடு சேரும்போது பச்சை ஒளி வருகிறது. மிச்சமாகும் பொருள் மறுபடியும் காஃபியிக் அமிலமாகிவிடும். இந்த சுழற்சியையும் அதற்கான மரபணுக்களையும் 2018-ல் கண்டுபிடித்தார்கள்.

சரி, எதுக்காக ஒளிரணும்?

இங்கதான் கருத்து வேறுபாடு. பிரேசிலில் பனை வகை மரங்களின் அடியில் வளரும் ஒரு காளானுக்கு அந்த ஊர்ப் பெயர் 'ஃப்ளோர் டி கோகோ', அதாவது தேங்காய்ப்பூ. இதன் உடலில் ஒரு கடிகாரம் இருப்பதாகவும், இரவில்தான் ஒளி கூடுவதாகவும் 2015-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிளாஸ்டிக்கில் போலிக் காளான் செய்து, பச்சை எல்இடி வைத்து, பசை தடவி காட்டில் வைத்தார்கள். விளக்கு எரிந்த காளான்களில்தான் பூச்சிகள் அதிகம் ஒட்டின. காற்று அதிகம் புகாத அடர்ந்த காட்டில், வித்துகளைச் சுமக்க காளான் பூச்சியைக் கூப்பிடுகிறது என்பது அவர்கள் வாதம்.

ஆனால் ஆஸ்திரேலியாவின் 'பேய்க் காளான்' இந்தக் கதைக்கு ஒத்துவரலை. நிஜக் காளானை வைத்தே பொறி அமைத்துப் பார்த்தார்கள். ஒளியைத் தேடி பூச்சிகள் கூடுதலாக வரவில்லை என்று 2016-ல் முடிவு வந்தது. ஒளி என்பது உடல் வேதிவினையின் உபரிதான், அதனால் பலன் எதுவும் இல்லாமல் இருக்கலாம் என்கிறார்கள் இவர்கள். இதற்கு வலு சேர்க்கும் ஒரு விஷயம்: பல இனங்களில் மரத்துக்குள் ஓடும் பூஞ்சை இழைகளும் ஒளிர்கின்றன. அங்கே பரப்புவதற்கு வித்தே கிடையாதே! நம்ம பார்வையில், எல்லா இனத்துக்கும் ஒரே காரணம் தேடுவதுதான் பிரச்னை. பிரேசில் முடிவு பிரேசில் காளானுக்கு சரியாக இருக்கலாம். (பேய்க் காளான் விஷம். ஒளிருதேன்னு எதையும் பறித்து சமைக்காதீங்க.)

இதற்கிடையே அந்த மரபணுக்கள் காட்டைத் தாண்டிவிட்டன. 2020-ல் புகையிலைச் செடியை ஒளிர வைத்தார்கள். 2024-ல் ஒளிரும் பெட்டூனியா பூச்செடி அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தது, விலை 29 டாலர். இந்தியாவில் மரபணு மாற்றிய செடியை இறக்குமதி செய்ய மத்திய அரசின் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி தேவை. ஆன்லைனில் 'ஒளிரும் செடி விதை' என்று யாராவது விற்றால், அந்த அனுமதி எங்கேன்னு முதலில் கேளுங்க.