சென்ட்டில் வாங்கி சதுர அடியில் விற்கிறார்கள்!



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய்ப் பாருங்கள். நெல் விளைஞ்ச வயலில் கல் நட்டு, கொடி கட்டி, ‘முதலீடு செய்யுங்கள், விலை ஏறும்’ என்று போர்டு வைத்திருக்கிறார்கள். வாங்கியவர்கள் பலர் வீடு கட்டவில்லை. மனையில் சீமைக்கருவேலம்தான் வளருது.

லாபம் யாருக்கு? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. நம்மிடம் சென்ட் கணக்கு பேசுகிற புரோக்கர், டவுனில் சதுர அடிக் கணக்கில் விற்கிறார். அட்வான்ஸை மட்டும் கொடுத்து ‘பவர்’ எழுதி வாங்கிக்கொள்கிறார்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. கட்டணம் கட்டி அலைந்தது மனை வாங்கின ஏழை எளியவர்கள்தான்.

கடனுக்கும் கல்யாணத்துக்கும் நிலத்தை விற்கிறவரை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஒரு வயல் மனையானால் வாய்க்கால் அடைபடும். கடைமடைக்காரரும் வேறு வழியில்லாமல் விற்பார். புரோக்கர் காத்திருப்பது அதற்குத்தான்!

அரசே! பாசன நிலத்தில் மனை போட அனுமதி தராதே!

விவசாயிகளே! பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் சங்கத்துக்கு வாருங்கள். சேர்ந்து பேசுவோம், நிலம் காப்போம்!