கட்டணச் சீட்டு பாசத்துக்குச் சான்றல்ல

கடன் வாங்கியாவது பிள்ளையை அனைத்துலகப் பள்ளியில் சேர்ப்பவரே பொறுப்புள்ள பெற்றோராம். தமிழ்ப்பள்ளிக்கும் அரசாங்கப் பள்ளிக்கும் அனுப்புகிறவர்கள் பிள்ளையின் எதிர்காலத்தைக் காவு கொடுக்கிறார்களாம். கெப்பாலா பத்தாஸ் வட்டாரப் பெற்றோர் முன்னிலையில் கல்வி ஆலோசகர் ஒருவர் இப்படிப் பேசியிருக்கிறார். கேட்டுவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பிய தாய்மார்கள் உண்டு. அவர்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அவர் பேச்சில் கணக்கும் பிழை, தகவலும் பிழை.

முதலில் கணக்கு. ஆண்டுக் கட்டணம் 20,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பினாங்குத் தீவில் இதைவிட அதிகம் வாங்கும் பள்ளிகள் இருக்கின்றன. முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் வரை 11 ஆண்டுகளுக்கு 220,000 ரிங்கிட். கட்டண உயர்வு, பதிவுப் பணம், வைப்புத்தொகை, சீருடை, பாலம் தாண்டிப் போகும் வேன் எதுவும் இதில் சேரவில்லை. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட், ஆண்டுக்கு 20,400. அந்தச் சம்பளம் வாங்குகிறவரின் ஓராண்டு உழைப்பு ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கட்டணத்தோடு தீர்ந்துவிடும். வீட்டு வாடகையை யார் கட்டுவது? அடுத்த பிள்ளையை எங்கே சேர்ப்பது?

கட்டணத்துக்கு இபிஎப் ஓய்வுக்காலச் சேமிப்பை எடுங்கள் என்கிறார் ஆலோசகர். 2024 மே மாதம் வந்த பிளெக்சிபல் கணக்கிலிருந்து நினைத்தபோது எடுக்கலாம், உண்மைதான். ஆனால், அதில் சேர்வது மாதச் சந்தாவில் 10 விழுக்காடு மட்டுமே. அதையும் வழித்தெடுத்துவிட்டு முதுமையில் பிள்ளையின் கையை எதிர்பார்த்து நிற்கும் பெற்றோர், அந்தப் பிள்ளையின் முதல் சம்பளத்தின் மீதே சுமையை ஏற்றுகிறார்கள். இதற்குப் பெயர் பொறுப்பா?

அடுத்து, பல அனைத்துலகப் பள்ளிகளில் பெறும் ஐஜிசிஎஸ்இ சான்றிதழ் எல்லாக் கதவுகளையும் திறக்கும் என்ற பேச்சு. பினாங்கு மெட்ரிகுலேசன் கல்லூரி கெப்பாலா பத்தாஸில், பொங்சு சிரிபுவில்தான் இருக்கிறது. அங்கே நுழைய எஸ்பிஎம் வேண்டும். நம் சமுதாயம் எத்தனையோ ஆண்டுகள் மெட்ரிகுலேசன் இடங்களுக்காகக் குரல் கொடுத்தது. எஸ்பிஎம் தேர்வில் 10 ஏ எடுத்தால் எந்த இனத்தவருக்கும் இடம் உண்டு என்று 2024இல் பிரதமர் அன்வார் அறிவித்தார். பெரும்பாலான அரசாங்க வேலைகளுக்கும் எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் தேவை. இவற்றில் ஒன்றையாவது அவர் சொன்னாரா? ஊரிலேயே இருக்கும் வாசலை மறைத்துவிட்டு ஒருவர் தரும் ஆலோசனையை நம்பிப் பெற்றோர் கடன் வாங்கலாமா?

இந்த ஆலோசனையின் விளைவை நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் அனைத்துலகப் பள்ளியில் படித்துவந்தான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஓவர்டைம் நின்றது. கட்டணம் பாக்கி விழுந்தது. இரண்டாம் படிவத்தில் அரசாங்கப் பள்ளிக்கு மாறினான். ஒருநாள் மாலை மலாய்மொழி வரலாற்றுப் பாடநூலை விரித்துவைத்து, வரிக்கு இரண்டு மூன்று சொற்களின் அடியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் அவனுக்குப் பொருள் தெரியாத சொற்கள். கெட்டிக்காரப் பிள்ளை. கட்ட முடியாத கட்டணத்தில் சேர்த்ததன் விலையை அவன்தான் கட்டினான்.

தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராது என்பது ஆலோசகரின் கடைசி ஆயுதம். முதலாம் ஆண்டிலிருந்தே ஆங்கிலம் அங்கே பாடம். எல்லாப் பள்ளியிலும் அது சிறப்பாக நடக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். குறையுள்ள பள்ளியில் பெற்றோர் ஒன்றுசேர்ந்து கேள்வி கேட்க வேண்டும். ஆனால், 1816இல் பினாங்கில் வேர்விட்ட தமிழ்க்கல்வி, தோட்டத் தொழிலாளியின் பிள்ளைகளை மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆக்கியிருக்கிறது. அந்தக் கல்வியைப் பிள்ளைகளின் படுகுழி என்று பேச இவருக்கு எந்த உரிமையும் இல்லை.

தனியார் பள்ளி வேண்டாம் என்பதல்ல என் வாதம். வசதியுள்ளவர்கள் தாராளமாகச் சேர்க்கட்டும், ஆனால் கேட்டுச் சேர்க்கட்டும். கல்வி அமைச்சில் பதிவுபெற்ற பள்ளியா? தேசியப் பாடத்திட்டமா, வெளிநாட்டுப் பாடத்திட்டமா? எஸ்பிஎம் மலாய்மொழித் தாள் எழுத ஏற்பாடு உண்டா? கடந்த சில ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு ஏறியது? ஆசிரியர்கள் நிலைத்து நிற்கிறார்களா? நடுவில் விலகினால் வைப்புத்தொகை திரும்ப வருமா? தேசியப் பாடத்திட்டத்தில் எஸ்பிஎம் எழுதவைக்கும் தனியார் பள்ளிகளும் நாட்டில் இருக்கின்றன. அவற்றையும் அனைத்துலகப் பள்ளிகளையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பேசும் ஆலோசகருக்குத் தன் தொழிலே தெரியவில்லை.

விடியலில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்து, வேலை முடிந்து வந்து பிள்ளையின் வீட்டுப்பாடத்தோடு உட்காரும் தாயின் அக்கறையைக் கட்டணச் சீட்டால் அளக்க முடியாது. அவள் பிள்ளையைக் காவு கொடுக்கிறாள் என்பது அவதூறு. எந்தப் பெற்றோர் முன்னால் அதைச் சொன்னாரோ அவர்கள் முன்னாலேயே அவர் அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும்.