மழை மேலே! மீட்பு படை கீழே!

கொல்லிமலைக்கு ஏறுகிற ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. காரவள்ளியில் ஆரம்பித்து சோளக்காடு வரை அந்த ரோடு வளைந்து வளைந்து போகிறது.

வெயில் நாளில் அது அழகு. மழை நாளில் அது ஆபத்து!

ஒரு மரம் சாய்ந்தால் போதும். ஒரு பாறை உருண்டால் போதும். பஸ் நிற்கும். காய்கறி லாரி நிற்கும். ஆம்புலன்சும் நிற்கும்.

முள்ளுக்குறிச்சி பக்கமாக இன்னொரு ரோடு உண்டு. ஆனால் பேய்மழை கொட்டினால் இரண்டு ரோட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆபத்து வரலாம்.

அப்படிப்பட்ட ஒரு ராத்திரியில், மலைமேல் ஒரு வீட்டின் மீது மண் சரிந்தால் யார் காப்பாற்றுவார்கள்?

அதிகாரிகள் இந்த கேள்விக்கு இப்போதே பதில் தேட வேண்டும். மழை வந்த பிறகு தேடினால் அது பதில் ஆகாது.

திருவண்ணாமலை பாடம்

2024-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ராத்திரி, "பெஞ்சல்" புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது.

புயல் என்றால் கடலோரத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கிற ஊத்தங்கரையில் அப்போது ஒரே நாளில் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது!

டிசம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலையில் மலைச்சரிவில் இருந்து மண்ணும் பாறையும் உருண்டு வந்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டை அமுக்கியது. உள்ளே 7 பேர். அதில் 5 பேர் குழந்தைகள்.

குறுகலான சரிவு. பெரிய எந்திரம் மேலே ஏற வழி இல்லை. ஆட்கள் கையால் மண்ணை அள்ளினார்கள்.

அரக்கோணத்தில் இருந்து தேசிய பேரிடர் மீட்பு படை மறுநாள் வந்து சேர்ந்தது. 7 பேரும் பிணமாகத்தான் கிடைத்தார்கள்.

படை வீரர்களை குறை சொல்ல முடியாது. அவர்கள் உயிரை பணயம் வைத்து வேலை பார்த்தார்கள். ஆனால் தூரம் தூரம்தானே!

அரக்கோணத்தில் இருந்து கொல்லிமலை இன்னும் தூரம். அதற்கு மேல் 70 வளைவு வேறு.

வயநாட்டில் 2024-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி நடந்த நிலச்சரிவும் இதையேதான் சொன்னது. சூரல்மலை பாலம் அடித்துக்கொண்டு போனது. ராணுவம் வந்து இரும்பு பாலம் போட்டு முடித்தபோது ஆகஸ்டு 1-ந் தேதி ஆகிவிட்டது. அதுவரை கயிறு பிடித்து ஆட்களை தூக்கி வந்தவர்களில் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் ஏராளம்.

முதல் ஆள் யார்?

ஆபத்து நடந்த இடத்துக்கு முதலில் ஓடி வருகிறவர் யார்?

பக்கத்து வீட்டுக்காரர். அப்புறம் போலீஸ்காரர். வனக்காவலர். 108 ஆம்புலன்ஸ் டிரைவர். தீயணைக்கும் படை வீரர். ரோட்டில் விழுந்த மண்ணை அள்ளுகிற பொக்லைன் டிரைவர். கிராம நிர்வாக அதிகாரி. மலை பஸ்சின் டிரைவர், கண்டக்டர்.

இவர்களுக்குத்தான் பயிற்சி வேண்டும்!

பொதுமக்களுக்கு பயிற்சி தரும் திட்டம் ஏற்கனவே இருக்கிறது. தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016-ம் ஆண்டு "ஆப்த மித்ரா" என்ற திட்டத்தை தொடங்கியது. தொண்டர்களுக்கு 12 நாள் பயிற்சி கொடுத்து, உபகரணமும் கொடுக்கிற திட்டம். நல்ல திட்டம்தான்.

ஆனால் ஒத்திகை என்றாலே ஏரியில் ரப்பர் படகு விடுவதும், மைதானத்தில் ஸ்டிரெச்சர் தூக்குவதும், போட்டோ எடுப்பதும் என்று ஆகிவிட்டது. அதுவும் நல்ல வெயிலில்!

கொல்லிமலையில் ரப்பர் படகை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மலைக்கு மலையில்தான் பயிற்சி தர வேண்டும்.

என்ன கற்றுத்தர வேண்டும்?

மண் சரிந்த இடத்தில் மறுபடியும் சரியும். காப்பாற்றப் போகிறவர்கள் அதில் மாட்டிக்கொண்டால் பிண எண்ணிக்கைதான் கூடும். எனவே ஒருவர் மேட்டில் நின்று சரிவையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஓடையில் திடீரென்று சேறாக தண்ணீர் வந்தாலோ, ஓடுகிற தண்ணீர் சட்டென்று குறைந்தாலோ, விசில் அடித்து எல்லோரையும் வெளியே இழுக்க வேண்டும்.

ரோட்டில் விழுந்த மரத்தை அறுக்கத் தெரிய வேண்டும். வளைந்து அழுந்திக் கிடக்கிற கிளையை தப்பாக அறுத்தால், அது துள்ளி ஆளையே அடித்துவிடும். மரத்தின் மேல் மின்கம்பி கிடந்தால், மின்சாரத்தை நிறுத்தியது உறுதியாகும் வரை கிட்டே போகக்கூடாது.

இடி சத்தம் கேட்டால் திறந்த வெளியில் வேலையை நிறுத்த வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் பொறுக்க வேண்டும்.

செல்போனை நம்பக்கூடாது. கரண்டு போய், டவரும் படுத்துவிட்டால் செல்போன் வெறும் டார்ச் லைட்தான். வயர்லெஸ்சில் பேச பழக வேண்டும்.

ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அங்கே ஒருவர் கால் முறிந்து கிடந்தால், நனைந்த படியில் ஸ்டிரெச்சரை ஆள் மாற்றி ஆள் எப்படி தூக்குவது? ஆடிப்பெருக்குக்கும், வல்வில் ஓரி விழாவுக்கும் கூட்டம் கூடுகிற மலை இது. ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்திருக்க வேண்டாமா?

எல்லாவற்றையும் விட முக்கியமானது, ரோட்டை மூடுகிற அதிகாரம். 20 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டும் என்று சிவப்பு எச்சரிக்கை வந்தால், காரவள்ளியிலேயே வண்டியை நிறுத்த வேண்டும். "மேலே கேட்டு சொல்றோம்" என்று அதிகாரிகள் இழுக்கக்கூடாது.

செலவு பெரிது அல்ல

இதற்கு கோடி கோடியாக கொட்ட வேண்டியது இல்லை. கயிறு, மர அறுவை எந்திரம், ஸ்டிரெச்சர், ஹெல்மெட், ஜெனரேட்டர், வயர்லெஸ். இவற்றை செம்மேட்டிலும் மற்ற சில ஊர்களிலும் வைத்தால் போதும். கீழே நாமக்கல்லில் பூட்டி வைத்தால், ரோடு அடைபட்ட நாளில் அது பழைய இரும்புதான்!

மலைவாழ் மக்களுக்கு மலையின் குணம் தெரியும். எந்த ஓடை பெருகும், எந்த சரிவு இளகும் என்று பெரியவர்களை கேட்டால் சொல்வார்கள். நீலகிரியில் ஆபத்தான இடங்களை முன்கூட்டியே பட்டியல் எடுத்து வைக்கிறார்கள். இங்கேயும் மக்களை கேட்டு, ஊர் ஊராக பட்டியல் எடுக்க வேண்டும்.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் ஆரம்பிக்கும். அதற்குள் மலைமேலேயே ஒரு ஒத்திகை நடத்துங்கள். மழையில் நடத்துங்கள். ராத்திரியில் நடத்துங்கள். ரோடு அடைபட்டது என்று வைத்துக்கொண்டு நடத்துங்கள்.

அப்போது என்னென்ன இல்லை என்பது தெரிந்துவிடும். ஒத்திகையில் தெரிந்தால் வாங்கிக்கொள்ளலாம். நிஜத்தில் தெரிந்தால் அழத்தான் முடியும்!