ரூபாய்க் குறி தந்த மாவட்டத்தில் டாலர் கணினி

திருக்கோவிலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக் கணினியில் எக்செல் திறந்து, கரன்சி பட்டனை அழுத்தினால் டாலர் வந்து நின்றால் ஆச்சரியப்பட வேண்டாம். பல கணினிகளின் நிலைமை இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ₹ குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சிக்காரர். அவர் அப்பா தர்மலிங்கம் ரிஷிவந்தியம் தொகுதியின் முன்னாள் தி.மு.க. எம்.எல்.ஏ. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 6.0-இல் குறி ஏறிவிட்டது. பிறகு விண்டோசுக்கும் வந்தது. ஆனால் சொந்த மாவட்டத்துக் கணினியில் தலைகாட்ட மறுக்கிறது!

காரணம் லொகேல். மொழி வேறு, லொகேல் வேறு. மெனு எந்த மொழியில் என்பது மொழி. தேதி, பணம், எண் எந்த நாட்டு வழக்கப்படி என்பது லொகேல். அதைத் தொட்டால் மெனுவெல்லாம் தமிழாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. விண்டோஸ் போடும்போதே 'இங்கிலீஷ் (யுனைடெட் ஸ்டேட்ஸ்)' என்று வருவதை அப்படியே ஓகே கொடுப்பதால் வந்த வினை.

டாலர் வந்தாலாவது கண்ணுக்குத் தெரியும். 12,34,567 என்பது 1,234,567 ஆனாலும் சமாளிக்கலாம். தேதிதான் ஆபத்து. மாணவர் பட்டியலில் ஏப்ரல் 5-ஐ 05/04/2006 என்று அடித்தால் அமெரிக்க லொகேல் அதை மே 4 என்று வைத்துக்கொள்ளும். திரையில் ஒன்றும் தெரியாது. அதே ஃபைலை இந்திய லொகேல் உள்ள கணினியில் திறந்தால் 04-05-2006! ஒரு மாதம் போச்சு. 13/05/2006 என்று அடித்தாலோ, 13-ஆம் மாதம் கிடையாது என்பதால் தேதியாகவே எடுக்காமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஒரே பட்டியலில் பாதி சரி, பாதி தப்பு. மதிப்பெண் சான்றிதழில் பிறந்த தேதி திருத்த அலைந்தவர்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

2025 மார்ச்சில் தமிழக பட்ஜெட் இலச்சினையில் ₹ போய் 'ரூ' வந்தபோது எவ்வளவு சண்டை! (௹ என்ற பழைய தமிழ்க் குறியும் யூனிகோடில் இருக்கிறது, அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.) சண்டை போட்டவர்களில் எத்தனை பேர் தங்கள் கணினியில் என்ன குறி வருகிறது என்று பார்த்திருப்பார்கள்?

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் போய், ரீஜினல் ஃபார்மட்டை 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றினால் போதும். இரண்டு நிமிட வேலை. விண்டோஸ் போட்டுத்தரும் கடைக்காரரே இதைச் செய்து கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் தேடி அலையக் கூடாது. 'இங்கிலீஷ் (இந்தியா)' கீபோர்டையும் சேர்த்துவிட்டால், வலப்பக்க ஆல்ட்டுடன் 4-ஐ அழுத்த ₹ வரும்.

ஒன்று மட்டும். ஏற்கெனவே தப்பாக ஏறிய தேதிகளை இந்த மாற்றம் திருத்தாது. 12-க்குள் வரும் தேதிகளை எல்லாம் பதிவேட்டோடு வைத்து ஒவ்வொன்றாகத்தான் சரிபார்க்க வேண்டும்.