இந்த ஊர் மண்



எரேமியா 18-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கும்போதெல்லாம் நாம் களிமண்ணுக்கே புத்தி சொல்லுகிறோம்: முறுமுறுக்காதே, குயவனுடைய கைக்கு இடங்கொடு என்று. நானும் பல ஆண்டுகள் அப்படியே பேசிவந்தேன். குயவன் என்ன செய்கிறான் என்பதை நான் போதுமான அளவு யோசிக்கவில்லை.

ஜப்பானில் ஷோஜி ஹமாடா (1894–1978) என்றொரு குயவர் இருந்தார். டோக்கியோவில் மட்பாண்டத் தொழிலைக் கல்லூரியில் கற்றவர். 1920-இல் இங்கிலாந்து சென்று, பெர்னார்ட் லீச் என்பவரோடு செயின்ட் ஐவ்ஸ் என்னும் ஊரில் சூளை அமைத்தவர். அத்தனை கற்றவர், 1924-இல் தாயகம் திரும்பி, மஷிகோ என்னும் நாட்டுப்புற ஊரைத் தெரிந்துகொண்டார். அவ்வூர் மண் கரடுமுரடானது. தண்ணீர்ச் சாடிகளும் சமையலறைப் பாத்திரங்களும் செய்யவே பயன்பட்டது. ஹமாடா அதையே எடுத்தார். மெல்லிய வேலைப்பாட்டுக்கு அது இணங்காது. ஆகவே தடித்த, உறுதியான வடிவங்களை வனைந்தார். மேற்பூச்சுக்கு உமிச் சாம்பலும் உள்ளூர்க் கல்லின் பொடியும் போதுமாயிருந்தன. தம் பெயரையும் அவற்றில் பொறிக்கவில்லை. 1955-இல் ஜப்பான் அவரை வாழும் தேசியப் பொக்கிஷமாக மதித்தது.

நம் ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் என்றால் சிமெண்டு ஆலை, வேலை, புழுதி. குயவனுக்கோ அது தலைவலி. மண்ணில் ஒரு சிறு சுண்ணாம்புத் துணுக்கு தங்கிவிட்டால், சூளையில் வெந்தபின் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, பானையின் பக்கத்தையே பெயர்த்துவிடும். ஆகையால் அவன் மண்ணைக் கரைத்து, வடிகட்டி, படியவைத்து, மிதித்துப் பிசைகிறான். அந்த உழைப்பு முழுவதும் குயவனுடையது. மண்ணைக் கடிந்துகொண்டு எவரும் பானை செய்ததில்லை.

சபைக் காரியத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். அறுப்பின் பண்டிகை வந்தால் பிரசங்கியார் திருச்சியிலிருந்து வருகிறார். கீபோர்டு வாசிப்பவர் அரியலூரிலிருந்து வருகிறார். வேதபாடம் வாசிப்பதோ எப்போதும் அதே நான்கு குடும்பத்தார். சுரங்கத்தில் லாரி ஓட்டுகிற, மூட்டை சுமக்கிற சகோதரர்கள் கடைசி வரிசையில் இருக்கிறார்கள். "அவர்களுக்கு வராது, ஐயா" என்று கமிட்டியில் சொன்னபோது நானும் தலையசைத்தேன். அது மண்ணைக் குறித்த தீர்ப்பா, பிசைய மனமில்லாத நம் கைகளைக் குறித்ததா? வெளியூரார் வரலாகாது என்று நான் சொல்லவில்லை, நானே வெளியூரான்தான். ஆனால் எரேமியா கண்ட குயவன், தன் கையில் பாண்டம் கெட்டுப்போனபோது வேறு மண்ணுக்கு ஆள் அனுப்பவில்லை. அதே மண்ணைத்தான் திரும்ப எடுத்தான்.

ஒரு மாதமாகச் செவ்வாய்க்கிழமை மாலைகளில், வேலை முடிந்தபின், மூன்று சகோதரர்கள் என் வீட்டுத் திண்ணையில் வாசித்துப் பழகிவருகிறார்கள். வருகிற ஞாயிறு பழைய ஏற்பாட்டுப் பாடத்தை அவர்களில் ஒருவர் வாசிப்பார். எழுத்துக் கூட்டி வாசிப்பதால் சற்று நேரமாகும். தயவுசெய்து கடிகாரத்தைப் பார்க்காதிருங்கள்.