நூறு ரூபாய்க்கு ஒரு லேப்டாப்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வைரஸுக்குப் பயப்படுகிறார்கள். வோல்டேஜ் ஏறி இறங்குவதற்குப் பயப்படுகிறார்கள். கூரியர் ரசீதின் பின்பக்கத்தைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. நானும் பயப்படவில்லை. அதற்கான விலையைக் கொடுத்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

பெங்களூரில் வேலை பார்க்கும் நான், என்னுடைய பழைய லேப்டாப்பை நாமகிரிப்பேட்டையில் இருக்கும் தங்கைக்கு ஒரு கூரியரில் அனுப்பினேன். கட்டணம் 480 ரூபாய். மூன்றாம் நாள் பார்சல் வந்தது. அப்பா டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். பெட்டியைத் திறந்தால் ஸ்கிரீனில் குறுக்கே விரிசல். ஆன் செய்தால் ஹார்ட் டிஸ்க்கில் இருந்து 'டக் டக்' சத்தம். எங்கள் பாட்டியின் கடைசி நான்கு வருடப் போட்டோக்கள் அந்த டிஸ்க்கில்தான் இருந்தன.

அப்பா கூரியர் ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "ரசீதுக்குப் பின்னாடி போட்டிருக்குதுங்க. எங்க பொறுப்பு நூறு ரூபாய்தானுங்க" என்றார் அங்கிருந்தவர். பின்பக்கத்தில் கடுகு சைஸ் ஆங்கில எழுத்துகளில் அப்படித்தான் இருந்தது. அதன் கீழே என் கையெழுத்து!

சாஃப்ட்வேர் இன்ஸ்டால் செய்யும்போது படிக்காமலே 'ஐ அக்ரீ' பட்டனைத் தட்டுகிறோம் அல்லவா? அதே பழக்கம்தான்.

கையெழுத்து என்ன செய்யும்?

இது எனக்கு மட்டும் நடந்ததல்ல. பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் 1990-ல் ஜெர்மனிக்கு ஒரு கவரில் ஏற்றுமதி ஆவணங்களை டிஎச்எல் கூரியரில் அனுப்பியது. கவர் போய்ச் சேரவில்லை. மறுபடி நகல் அனுப்புவதற்குள் கோடை சீசன் முடிந்துவிட, ஜெர்மன் வியாபாரி விலையைக் குறைத்துவிட்டார். நஷ்டம் 4 லட்சம் ரூபாய்க்கு மேல். மாநில நுகர்வோர் ஆணையம் அதைக் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையமோ, ரசீதில் உள்ள 100 டாலர் போதும் என்றது. 1996-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. காரணம் எளிது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் போட்டவரைக் கட்டும்.

கூரியர்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. 50 ரூபாய் வாங்கிக்கொண்டு 50,000 ரூபாய் பொருளுக்கு எப்படிப் பொறுப்பேற்பது என்று கேட்கிறார்கள். சரிதான். அப்படியானால் "பொருளின் மதிப்பு என்ன? கூடுதல் கட்டணம் கட்டி முழுப் பொறுப்பு வேண்டுமா?" என்று கவுண்டரில் கேட்க வேண்டும். என்னிடம் யாரும் கேட்கவில்லை. 480 ரூபாய் கட்டினாலும் 4,800 கட்டினாலும் அதே நூறு ரூபாய் என்பது எந்தக் கணக்கு?

சட்டம் என்ன சொல்கிறது?

2011-ல் அமலுக்கு வந்த 2007-ம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தில், வீட்டு வாசல் வரை கொண்டு தரும் கூரியர்களும் அடக்கம். கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்குப் பொறுப்பின் வரம்பு, கட்டிய கட்டணத்தைப் போல் 10 மடங்கு. என் கணக்கில் 4,800 ரூபாய். அதுவும் குறைவுதான். ஆனால் நூறு அல்ல. பார்சல் புக் செய்த நாளில் இருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் இந்தச் சட்டப்படி வழக்குப் போட முடியும் என்பதை மறக்காதீர்கள்.

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்பதற்குத் தனியே விளக்கம் தருகிறது. நுகர்வோருக்குப் பாதகமான, நியாயமில்லாத நிபந்தனையும் அதில் சேரும். நல்ல விஷயம். ஆனால் ஒரு சிக்கல். சேவைக் குறைபாடு என்று நாமக்கல் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று சொல்ல வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். பழைய லேப்டாப்புக்காக நாமகிரிப்பேட்டையில் இருந்து யார் போவார்கள்? இந்த அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்கும் கொடுக்க வேண்டும். பொறுப்பு எவ்வளவு என்பதைக் கவுண்டரிலேயே பெரிய எழுத்தில், தமிழில் எழுதி வைக்கவும் வேண்டும். இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு போர்டு போதும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை:

1. அனுப்பும் முன் டேட்டாவை பேக்கப் எடுங்கள். காணாமல் போன ஃபைலுக்கு எந்தக் கூரியரும் காசு தருவதில்லை. முடிந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை அனுப்புங்கள்.

2. சீரியல் நம்பர் தெரியும்படி பொருளையும் பேக்கிங்கையும் போட்டோ எடுங்கள்.

3. ரசீதில் பொருளின் பெயரையும் மதிப்பையும் எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸ் உண்டா என்று கேளுங்கள். விலை உயர்ந்த பொருளென்றால் கட்டிவிடுங்கள்.

4. வாங்கும்போது பெட்டி நசுங்கியிருந்தால் டெலிவரி சீட்டிலேயே அதை எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிரிப்பதை வீடியோ எடுங்கள்.

5. பொருள் உடைந்திருந்தால் அன்றே எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் தாக்கல் செய்யலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே ஃபீஸ் இல்லை. 2 வருடத்துக்குள் செய்ய வேண்டும்.

லேப்டாப் ஸ்கிரீனை மாற்ற 7,200 ரூபாய் ஆனது. அது போகட்டும். பாட்டியின் போட்டோக்கள் திரும்பவில்லை. 'பாட்டி போட்டோ எங்கே அண்ணா?' என்று தங்கை கேட்கும்போது, கூரியர்மீது வரும் கோபத்தில் பாதி என்மீதே வருகிறது. பேக்கப் எடுக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் நான். அடுத்த முறை கையெழுத்துப் போடுவதற்கு முன் ரசீதை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பேன். நீங்களும் பாருங்கள்.