எல்லைப்புறக் கிராமங்களின் மண், நீர்ப் பாதுகாப்பு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

தென்மேற்குப் பருவமழை தன் பாரத்தையெல்லாம் மலையின் மேற்குச் சரிவிலேயே இறக்கிவிட, எஞ்சிய மழையை நம்பி உழுது வாழும் பிரதேசங்கள் கேரளத்தின் கிழக்கு விளிம்பில் உண்டு. பாலக்காட்டு ஜில்லாவின் கிழக்கு அட்டப்பாடியும், சித்தூர் தாலுகாவின் எருத்தேம்பதி, வடகரப்பதி ஊர்களும், இடுக்கியின் மறையூர், வட்டவடை மலைக்கிராமங்களும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இங்கே மண்ணையும் ஜலத்தையும் காக்கும் பணி எதுவாயினும், அதன் திட்டமும் கணக்கும், முக்கியமாகப் பிற்காலப் பராமரிப்புக்கான நிதியும், அந்தந்த ஊர்க்கூட்டத்தின் வசமே இருத்தல் வேண்டும் என்பது எமது சங்கத்தின் நிலைப்பாடு.

காடு அழிந்து, மேல்மண் கரைந்து, மழைக்காலம் கழிந்தவுடன் கல்லும் மணலுமாகக் கிடந்த கொடுங்கரைப் பள்ளம் என்னும் ஓடை, ஜப்பானியக் கடனுதவியோடு 1996-இல் ஆரம்பமான அட்டப்பாடித் திட்டத்தின் பயனாக மீண்டும் ஓடத் தொடங்கியது. மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிக்கும் முறையில், அவ்வேலையை ஊர் விகசன சமிதிகள் என்னும் ஊர் வளர்ச்சிக் குழுக்களின் மூலம் ஆதிவாசி ஊர்களே ஏற்று நடத்தின. ஆனால் இத்தகைய திட்டங்களில் எழும் தடுப்பணை என்பது கட்டி முடித்த அன்றுதான் வேலை தொடங்கும் வஸ்து. இரண்டு பெருமழையிலேயே அதன் முதுகில் முழங்கால் அளவு வண்டல் சேர்ந்துவிடும். திட்டகாலம் முடிந்தபின் அந்த வண்டலை வாரி மேட்டு வயலுக்குச் சுமப்பவருக்குக் கூலி கொடுப்பவர் யார் என்பதை எந்த மதிப்பீடும் எழுதி வைப்பதில்லை.

சித்தூர் வட்டாரமோ, நிலத்தடி நீர் அளவுக்கு மிஞ்சி உறிஞ்சப்பட்ட பகுதியென மத்திய நிலத்தடி நீர் வாரியத்தால் வகைப்படுத்தப்பட்டது. 1970-ஆம் ஆண்டின் பரம்பிக்குளம்–ஆழியாறு உடன்படிக்கைப்படி தமிழகத்திலிருந்து மணக்கடவில் வரவேண்டிய 7.25 டிஎம்சி நீரில் எமக்குள்ள உரிமையை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. எனினும் அந்நீருக்காகச் சாலையில் அமரும் நாமே, சொந்த வயலில் பெய்த மழையை வாய்க்கால் வழியே ஓடவிட்டு, அடுத்த மாதம் ஆழ்துளைக் கிணறு தோண்ட லாரி வரவழைக்கிறோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வட்டவடையில் நோய் வேறு. பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிவயல்களுக்கு மேலே நிற்கும் கிராண்டிஸ் என்னும் யூகலிப்டஸ் மரங்கள் ஊற்றுகளை வற்றச் செய்கின்றன; ஒன்றை வெட்டினால் அடிக்கட்டை நாலாய்த் துளிர்க்கிறது. ஆகையால் வெட்டுவது மட்டும் போதாது, கட்டையையும் பெயர்த்துச் சோலை மரங்களும் புல்லும் வளர வழி செய்யவேண்டும்.

மழைநீரைத் தேக்கி மண்ணில் இறக்கும் மழைக்குழி எங்கும் நன்மையே என்ற பாமர நம்பிக்கையையும் நாம் ஏற்கவில்லை. 2020 ஆகஸ்டு 6-ஆம் தேதி இரவில் இடுக்கியின் பெட்டிமுடியில் 70 உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவுக்கு அதிகனமழையே காரணமெனினும், செங்குத்தான, ஆழ்ந்த மண்ணுள்ள சரிவுகளில் நீரைத் தேக்குவது ஆபத்து என்பதால், அங்கே குழிக்குப் பதிலாகக் கல்வரப்பும் வெட்டிவேர் வரிசையுமே தக்கவை.

ஆகவே, மதிப்பீட்டின் பிரதி தமிழிலும் அச்சாகி, ஊர்க்கூட்டத்தில் உரக்க வாசிக்கப்பட்டு, பராமரிப்புத் தொகையும் அதில் குறிக்கப்படாத எந்த வேலைக்கும் எமது அங்கத்தினர்கள் சம்மதக் கையெழுத்து இடமாட்டார்கள்.